மாஸ்டர் என்பவர் எஜமானா, கைதேர்ந்தவரா?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஜனவரி 6

"ஆங்கிலத்தில் மாஸ்டர் என்றால் அடிப்படையில் எஜமான். திறமைசாலி, ஆசிரியர் என்ற அர்த்தமெல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை. கணினித் துறையில் அந்தச் சொல்லை எடுத்ததுபோல மற்ற எல்லா இடங்களிலும் எடுத்துவிடுவதுதான் நியாயம். மறுக்க முடியுமா?"

ஜனவரி 6, இரவு

பாதி மறுக்கலாம். எஜமான் முதலில் வந்தார், ஆசிரியர் பின்னால் வந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. மூலச்சொல் லத்தீனின் மாகிஸ்தர். அதற்குள் இருப்பது 'மாகிஸ்', அதாவது 'அதிகம்'. எதில் அதிகம் என்று சொல் சொல்லவில்லை. பள்ளி நடத்துபவரும் மாகிஸ்தர்தான், படைப்பிரிவை நடத்துபவரும் மாகிஸ்தர்தான். பழைய ஆங்கிலத்துக்குள் நுழையும்போதே இரண்டு மூட்டையையும் சுமந்துகொண்டுதான் நுழைந்தது.

இதற்கு எதிர்ச்சொல்லும் லத்தீனில் உண்டு. 'மைனஸ்', குறைவு. அதிலிருந்து வந்தவர் மினிஸ்டர்: குறைந்தவர், பணியாள். தேர்தல் நேரத்தில் மட்டும் அகராதிப்படி நடந்துகொள்வார்.

தமிழில் நாம் மாஸ்டர் என்று கூப்பிடுபவர்களைப் பற்றி யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம். அது தனி இழை, ஒரு வருடம் ஓடும்.

ஜனவரி 7

எனக்கும் இந்தப் பட்டம் கிடைத்திருக்கிறது. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஸ்க்ரம் மாஸ்டர். ஸ்க்ரம் என்பது மென்பொருள் குழுக்கள் வேலையைச் சிறு சிறு கட்டமாகப் பிரித்துச் செய்யும் முறை. வேலையை யாருக்கும் பிரித்துக் கொடுக்க முடியாது, கெடுவை மாற்ற முடியாது, விடுப்பு தர முடியாது. கூட்டத்தைக் கூட்டலாம், வழியில் கல் கிடந்தால் பொறுக்கிப் போடலாம், அவ்வளவுதான். அந்த முறையின் அதிகாரப்பூர்வ வழிகாட்டியே 2017 பதிப்பில் ஸ்க்ரம் மாஸ்டரைக் குழுவின் 'பணியாளத் தலைவர்' என்கிறது. 2020 பதிப்பில் கொஞ்சம் மரியாதை கூட்டி 'சேவை செய்யும் உண்மையான தலைவர்' என்று மாற்றினார்கள். அதிகாரமும் இல்லை, தனியாக ஒரு கைத்திறனும் தேவையில்லை, பட்டம் மட்டும் மாஸ்டர். கேள்வி கேட்டவரின் வாதத்துக்கு இது எந்தப் பக்கம் உதவும் என்று தெரியவில்லை. சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

ஜனவரி 7, மாலை

கணினித் துறையில் எடுத்த கதைக்கு வருவோம். பலர் இது 2020-இல் திடீரென்று கிளம்பிய விஷயம் என்று நினைக்கிறார்கள். 2003-லேயே அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி நிர்வாகம், தனக்குப் பொருள் விற்பவர்களிடம் கருவிகளின் மேல் மாஸ்டர், ஸ்லேவ் (அடிமை) என்று எழுதாதீர்கள் என்று கேட்டது. ஊரே சிரித்தது. இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ 2014-இல் மாற்றியது, நிரல்மொழியான பைத்தான் 2018-இல். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், 2020 அக்டோபர் முதல் புதிய களஞ்சியங்களின் முதன்மைக் கிளைக்கு மாஸ்டருக்குப் பதில் மெயின் என்று பெயர் வைக்கிறது. தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 2021-இல் தன் கட்டளையையே மாற்றியது.

அந்தக் கடைசி மாற்றம் என் தலையில் விழுந்தது. நான் தரவுத்தளம் பார்ப்பவன். பழைய ஸ்கிரிப்ட்களில் மூலை முடுக்கெல்லாம் அந்தச் சொல் இருந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மாற்றி முடித்தபிறகு ஒரு ஆதாயம் தெரிந்தது. 'சோர்ஸ்', 'ரெப்ளிகா' என்ற புதுப் பெயர்கள் நடப்பதைச் சரியாகச் சொல்கின்றன. ஓரிடத்தில் எழுதுகிறோம், அது மற்ற இடங்களில் படியெடுக்கப்படுகிறது. இதில் யாரும் யாரையும் ஏவவில்லை. பழைய உவமை நியாயமா அநியாயமா என்பது ஒருபுறம் இருக்கட்டும், உவமையாகவே அது பொருத்தமில்லை.

ஆனால் கிட் என்ற மென்பொருளில் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைப்பது, கிட்ஹப்பின் அடிப்படை) முதன்மைக் கிளையின் பெயராக இருந்த மாஸ்டர் வேறு. அந்தப் பெயரை 2005-இல் வைத்தவர், ஒலிப்பதிவில் சொல்லும் மாஸ்டர் ரெக்கார்டிங்கை மனதில் வைத்தே வைத்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கூடவே, மெயின் என்றே வைத்திருக்கலாம் என்று பலமுறை நினைத்ததாகவும் சொன்னார். ஆக, ஸ்லேவ் இல்லாத மாஸ்டர் அது. பக்கத்துவீட்டுக்காரன் மேல் இருந்த வழக்கில் இவனையும் சேர்த்துப் பிடித்துப் போய்விட்டார்கள்.

ஜனவரி 8

மாஸ்டர், ஸ்லேவ் என்ற இந்த ஜோடியை இயந்திரங்களுக்கு முதலில் சூட்டியது யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதுவரை கண்டெடுத்தவற்றில் பழையது 1904, கேப் டவுன் வான் ஆய்வுக்கூடம். அங்கிருந்த டேவிட் கில் என்ற வானியலாளர் தன் கடிகார ஏற்பாட்டை விவரிக்கும்போது ஸ்லேவ் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து எழுபது வருடம் ஆனபிறகு!

கடிகாரம் என்றதும் எனக்கு மிகப் பிடித்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1921-இல் ஷார்ட் என்ற ரயில்வே பொறியாளர் எடின்பரோ வான் ஆய்வுக்கூடத்தில் ஒரு கடிகாரத்தை நிறுவினார். உண்மையில் அது இரண்டு கடிகாரங்கள். மாஸ்டர் என்பது காற்றை உறிஞ்சி எடுத்த உருளைக்குள் தொங்கும் ஊசல். ஆடுவதைத் தவிர அதற்கு எந்த வேலையும் கிடையாது. எண்ணுவது, முள்ளை நகர்த்துவது, அரை நிமிடத்துக்கு ஒருமுறை அந்த ஊசலுக்கே ஒரு சின்ன உந்துதல் கொடுக்க ஏற்பாடு செய்வது எல்லாம் ஸ்லேவ் கடிகாரம். இத்தனைக்கும் வருடத்துக்கு ஒரு விநாடி அளவுக்குத்தான் பிசகும். எந்த வேலையும் தொடாததால்தான் மாஸ்டர் அவ்வளவு துல்லியமாக இருந்தது. உவமை பொருத்தமில்லை என்று நேற்று சொன்னேன் இல்லையா, இந்த ஒரு இடத்தில் மட்டும் கசப்பாகப் பொருந்துகிறது.

ஜனவரி 10

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எஜமான், கைதேர்ந்தவர் இரண்டில் எது அசல் என்று கேட்பதே சரியான கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். இடைக்கால ஐரோப்பாவின் பட்டறையில் இரண்டும் ஒரே ஆள்.

கில்டு எனப்படும் கைவினைச் சங்கங்களின் கணக்கு இப்படி: கீழே அப்ரண்டிஸ், தொழில் பயிலும் பையன். நடுவில் ஜர்னிமேன். பயணம் போகிறவர் இல்லை, பிரெஞ்சில் 'ஜூர்னே' என்றால் ஒரு நாள், நாள்கூலிக்கு வேலை செய்யும் தேர்ந்த தொழிலாளி. மேலே மாஸ்டர். இங்கிலாந்தில் 1563-இல் வந்த சட்டம் குறைந்தது ஏழு வருடம் தொழில் பயில வேண்டும் என்றது. அந்த ஏழு வருடமும் பையன் மாஸ்டரின் வீட்டில் படுப்பான். சாப்பாடு, துணி, தொழில் எல்லாம் மாஸ்டர் பொறுப்பு. பதிலுக்குப் பையன் சூதாடக்கூடாது, மதுக்கடைக்குப் போகக்கூடாது, கல்யாணம் செய்யக்கூடாது. ஓடினால் பிடித்து வரலாம். 1723-இல் பாஸ்டனிலிருந்து அப்படி ஓடிய ஒரு பையன் பெஞ்சமின் பிராங்க்ளின். அவனுடைய மாஸ்டர் வேறு யாருமில்லை, சொந்த அண்ணன், அச்சகம் வைத்திருந்தவர். அண்ணன் அடித்ததைப் பிராங்க்ளின் கடைசிவரை மறக்கவில்லை.

இதில் திறமை எங்கே முடிகிறது, அதிகாரம் எங்கே ஆரம்பிக்கிறது? பிரிக்க முடியாது. தொழில் தெரிந்ததால்தான் அதிகாரம், அதிகாரம் இருந்ததால்தான் தொழில் சொல்லிக்கொடுக்க முடிந்தது.

மாஸ்டர்பீஸ் என்ற சொல்லும் இந்தப் பட்டறையில் பிறந்ததுதான். இன்று ஒருவரின் வாழ்நாள் உச்சத்தை அப்படிச் சொல்கிறோம். அன்று அது நுழைவுத்தேர்வு. என்னை மாஸ்டராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜர்னிமேன் சங்கத்தின் முன் கொண்டுபோய் வைக்கும் ஒரு பூட்டு, ஒரு பெட்டி, ஒரு வெள்ளிக் கிண்ணம். அதோடு அவர் வாழ்க்கை ஆரம்பம்.

ஜனவரி 10, பின்னிரவு

தூக்கம் வராததால் ஒரு துணுக்கு. பழைய அப்ரண்டிஸ் ஒப்பந்தங்களில், பையனுக்குத் தொழிலின் 'கலையையும் மிஸ்டரியையும்' கற்றுத் தருவேன் என்று மாஸ்டர் எழுதிக்கொடுப்பார். இந்த மிஸ்டரி மர்மக்கதை மிஸ்டரி இல்லை. 'மினிஸ்டீரியம்' என்பதன் தேய்ந்த வடிவம், ஊழியம் என்று பொருள். அதாவது தொழிலின் பெயர் 'குறைவு' என்ற வேரிலிருந்து, தொழில்காரரின் பெயர் 'அதிகம்' என்ற வேரிலிருந்து.

ஜனவரி 12

"பட்டறைக் கதை அழகாக இருக்கிறது, அடிமைச் சந்தையை மறந்துவிட்டீர்கள்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். மறக்கவில்லை, அதற்கு முன்னால் இன்னொரு படி இருக்கிறது.

இங்கிலாந்தில் 'மாஸ்டர் அண்டு சர்வன்ட்' என்றே பெயர் வைத்த சட்டங்கள் இருந்தன. 1823-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலையாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். முதலாளி கூலி தராமல் ஏமாற்றினால்? அது வெறும் பணத் தகராறு, சிவில் வழக்கு. ஒரே ஒப்பந்தம், மீறுகிறவர் யார் என்பதைப் பொறுத்து ஒன்று குற்றம், இன்னொன்று கடன் பாக்கி. 1850-களின் கடைசியிலிருந்து இந்தச் சட்டங்கள் ஒழிந்த 1875 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்குச் சுமார் 10,000 வழக்குகள் நடந்தன. வழக்கை விசாரித்தவர் மாஜிஸ்திரேட். பல ஊர்களில் அவரும் ஒரு மில் முதலாளியே. மாஜிஸ்திரேட் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் மாஸ்டர் இரண்டாக உடைகிறார். பஞ்சாலை முதலாளிக்கு நூற்கத் தெரிய வேண்டியதில்லை, பணம் இருந்தால் போதும். திறமை தொழிலாளியிடம் போய்விட்டது, பெயர் முதலாளியிடம் தங்கிவிட்டது.

அமெரிக்கத் தோட்டங்களில் அந்தப் பாசாங்கும் கிடையாது. பின்னாளில் அடிமை ஒழிப்புக்காகப் போராடிய ஃபிரடெரிக் டக்ளஸ் சிறுவனாக அடிமைப்பட்டிருந்த வீட்டில் எஜமானியம்மா அவருக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கணவர் தடுத்துவிட்டார்: இவனுக்குப் படிக்கத் தெரிந்தால் அடிமையாக இருக்க லாயக்கில்லாமல் போவான் என்று. பட்டறை மாஸ்டரின் சட்டப்படியான கடமை எதுவோ, அதுவே இந்த மாஸ்டருக்குப் பேராபத்து.

கேள்வி கேட்டவருக்கு இப்போது ஒரு அளவுகோல் தரலாம் என்று தோன்றுகிறது. மாஸ்டர் என்று ஒருவர் இருந்தால், அவருக்குக் கீழே இருப்பவர் ஒருநாள் மாஸ்டர் ஆக வழி உண்டா? உண்டு என்றால் அது பட்டறைச் சொல். இல்லை என்றால் தோட்டத்துச் சொல். எழுத்து ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு சொற்கள்.

ஜனவரி 13

மேலே சொன்னதற்கு ஒரு வால். தனக்கு விடுதலையும் வெள்ளை நிறமும் உண்டு, ஆனால் பணம் இல்லை என்ற நிலையில் இருந்த அமெரிக்க வேலைக்காரர்களுக்கு முதலாளியை மாஸ்டர் என்று கூப்பிடப் பிடிக்கவில்லை. அப்படிக் கூப்பிட்டால் தாங்களும் அடிமை என்றாகிவிடுமே! அதனால் டச்சுக் குடியேறிகளிடமிருந்து 'பாஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். டச்சில் அதற்கும் மாஸ்டர் என்றுதான் அர்த்தம்.

ஜனவரி 15

"மாஸ்டருக்குப் பெண்பால் மிஸ்ட்ரஸ் இருக்கிறதே, சமம்தானே?" என்று ஒரு கேள்வி. ஹெட்மிஸ்ட்ரஸ் வரைக்கும் சமம். தனியாக விட்டால் அந்தச் சொல்லுக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் தனியாக நின்றால் மேதை, மிஸ்ட்ரஸ் தனியாக நின்றால் வம்பு. 1972-இல் பால்டிமோர் அருங்காட்சியகம் ஒன்று பழங்காலப் பெண் ஓவியர்களின் கண்காட்சிக்கு 'ஓல்டு மிஸ்ட்ரஸஸ்' என்று பெயர் வைத்தது. 'ஓல்டு மாஸ்டர்ஸ்' என்ற மரியாதைக்குரிய சொல்லுக்குப் பெண்பால் போட்டால் எப்படி ஒலிக்கிறது பாருங்கள் என்று காட்டத்தான்.

ஆனால் பெண் மாஸ்டர்கள் இருந்தார்கள். ஹாலந்தின் ஹார்லெம் ஊர் ஓவியர் சங்கம் 1633-இல் யூடித் லைஸ்டர் என்ற இருபத்துச் சொச்சம் வயதுப் பெண்ணை மாஸ்டராகச் சேர்த்துக்கொண்டது. சேர்ந்ததும் பட்டறை வைத்தார், மாணவர்களை எடுத்தார். 1635-இல் ஒரு மாணவன் சில நாட்களிலேயே இவரை விட்டுவிட்டு ஃபிரான்ஸ் ஹால்ஸின் பட்டறைக்குப் போய்விட்டான். ஹால்ஸ் அப்போது ஊரின் பெரிய பெயர். லைஸ்டர் விடவில்லை, சங்கத்தில் புகார் கொடுத்தார். மாணவனின் தாய் இவருக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது, ஹால்ஸுக்கு அபராதம். மாணவனை முறைப்படி பதிவு செய்யாததற்காக லைஸ்டருக்கும் ஒரு அபராதம்! சங்கம் யாரையும் விட்டுவைப்பதில்லை.

இறந்தபிறகு இவர் பெயர் மறைந்துபோனது. படங்கள் ஹால்ஸ் வரைந்தவை என்று விலைபோயின. 1893-இல்தான், ஹால்ஸ் என்று நம்பியிருந்த ஒரு படத்தில் இவருடைய ஒப்பம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எழுத்துகளோடு ஒரு நட்சத்திரம்: லைஸ்டர் என்றால் டச்சில் வழிகாட்டும் விண்மீன்.

ஆண்களிலும் பெயர் தொலைந்தவர்கள் உண்டு. அவர்களைக் கலை வரலாற்றாளர்கள் 'ஃபிளேமாலின் மாஸ்டர்', 'சீட்டுக்கட்டு மாஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள். ஆள் போய்ப் பட்டம் மட்டும் நிற்கிறது.

லைஸ்டர் கதையில் எனக்குப் பட்டது இது. சங்கம் அவருக்குக் கொடுத்தது 'நீ நன்றாக வரைகிறாய்' என்ற சான்றிதழ் மட்டும் இல்லை. 'நீ மாணவர் வைத்துக்கொள்ளலாம்' என்ற உரிமை. சண்டையும் அதற்குத்தான் வந்தது.

ஜனவரி 15, சற்றுப் பிறகு

பல்கலைக்கழகப் பட்டமும் அதேதான், எழுத மறந்துவிட்டேன். இடைக்காலத்தில் மாஸ்டர் ஆஃப் ஆர்ட்ஸ் என்றால் கற்பிக்க உரிமம். மாஸ்டர், டாக்டர், புரொபசர் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தத்தில் புழங்கின. இன்று ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இளங்கலை முடித்தவர் சில வருடம் பொறுமையாகக் காத்திருந்தால் போதும், தேர்வே இல்லாமல் எம்.ஏ. கொடுத்துவிடுவார்கள். மற்ற இடங்களில் ராத்திரி பகலாகப் படித்து வாங்கியவர்கள் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கிறது. நானும் அந்தக் கூட்டம்தான்.

ஜனவரி 16

மிஸ்டரை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பெயருக்கு முன்னால் மாஸ்டர், மாஸ்டர் என்று வேகமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்ததுதான் மிஸ்டர். குடும்பத் தலைவர் அந்தத் தேய்ந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார். தேயாத முழு வடிவம் என்ன ஆனது? வீட்டிலிருந்த சின்னப் பையனுக்குப் போனது. விண்ணப்பப் படிவத்தில் மாஸ்டர் என்று போட்டால் இன்றும் ஆள் பள்ளிக்கூடப் பையன். அதிகாரம் முழுக்க ஒருவரிடம், பட்டம் முழுக்க இன்னொருவரிடம். மிஸ்ட்ரஸ் மட்டும் மூன்று பிள்ளை பெற்றது: மிஸஸ், மிஸ், மிஸ் என்றே நம் காதில் விழும் இன்னொன்று.

ஜனவரி 20

சதுரங்கத்தை இழுத்துவிட்டவருக்கு நன்றி, இரண்டு நாளாக வேறு எதுவும் படிக்கவில்லை.

முதலில் ஒரு திருத்தம். கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை 1914-இல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலாஸ் ஐந்து பேருக்குக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கதைக்கு மூலம், அந்த ஐவரில் ஒருவரான ஃபிராங்க் மார்ஷல் பல வருடம் கழித்து எழுதிய தன்வரலாறு. அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் இது இல்லை, வரலாற்றாளர்கள் நம்புவதில்லை. முறையான பட்டம் 1950-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 27 பேருக்குக் கொடுத்ததில் ஆரம்பிக்கிறது. பெண்களில் முதலில் பெற்றவர் நோனா கப்ரின்தாஷ்விலி, 1978. இந்தியாவில் ஆனந்த், 1988.

இந்தப் பட்டத்தில் அதிகாரம் துளியும் இல்லை. கிராண்ட்மாஸ்டர் யாருக்கும் உத்தரவிட முடியாது. 2500 தரப்புள்ளி, மூன்று நார்ம் (ஒரு போட்டியில் கிராண்ட்மாஸ்டர் தரத்தில் ஆடியதற்கான அங்கீகாரம்), வந்துவிட்டால் ஆயுளுக்கும் மாஸ்டர், பிறகு எவ்வளவு மோசமாக ஆடினாலும். கல்லூரிக் காலத்தில் ஒரு சர்வதேச மாஸ்டருடன் ஒரே நேரத்தில் பலர் ஆடும் ஆட்டத்தில் உட்கார்ந்தேன். அவர் மேசை மேசையாக நடந்துகொண்டே ஆடினார். என் பலகை முன் வந்து நிற்கும்போது அவர் எதுவும் சொல்லாமலே நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அது அதிகாரம் இல்லை என்றால் வேறென்ன என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. துளியும் இல்லை என்று இரண்டு வரிக்கு முன் சொன்னதை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

ஜனவரி 20, இரவு

கோல்ஃப்: மாஸ்டர்ஸ் போட்டி 1934-இல் தொடங்கியபோது அதன் பெயர் அகஸ்டா நேஷனல் அழைப்புப் போட்டி. மாஸ்டர்ஸ் என்பது தற்பெருமையாக இருக்கிறது என்று போட்டியைத் தொடங்கிய கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. 1939-இல் விட்டுக்கொடுத்தார். அடுத்து.

ஜனவரி 24

கப்பலில் வேலை பார்க்கும் நண்பன் இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு வரி அனுப்பினான்: "கேப்டன் என்பது நீங்கள் கூப்பிடுவது. காகிதத்தில் நான் மாஸ்டர்."

உண்மைதான். வணிகக் கப்பலில் சட்டப் பெயர் மாஸ்டர். பழைய கடற்படைகளில் இருவரும் தனித்தனி ஆட்கள். கேப்டன் போருக்குத் தலைவர், கப்பலை ஓட்டத் தெரிந்தவர் மாஸ்டர். பிரிட்டிஷ் கடற்படையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இது தொடர்ந்தது. ஜேம்ஸ் குக் 1757-இல் தேர்வு எழுதி மாஸ்டர் ஆனவர். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றை அளந்து வரைபடம் போட்டது மாஸ்டராக இருந்தபோது, பசிபிக் பயணங்களெல்லாம் அதற்கப்புறம். வணிகக் கப்பலில் போருக்குத் தலைவர் தேவையில்லை, அதனால் மாஸ்டரே எல்லாம் ஆனார்.

1850-இல் பிரிட்டன், வெளிநாடு போகும் கப்பல்களின் மாஸ்டருக்கும் அவருக்கு அடுத்த அதிகாரியான மேட்டுக்கும் தேர்வைக் கட்டாயமாக்கியது. இன்றைய சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது: உயிர்களின் பாதுகாப்புக்கும் கடற்சூழலுக்கும் தேவை என்று மாஸ்டர் எடுக்கும் முடிவைக் கப்பலின் சொந்தக்காரரே தடுக்கக்கூடாது. பணம் போட்டவருக்கு மேலே, தொழில் தெரிந்தவர். பஞ்சாலையில் உடைந்தது கடலில் உடையவில்லை. நண்பனிடம் இதைச் சொன்னேன். "விதி இருக்கிறது, சாட்டிலைட் போனும் இருக்கிறது" என்றான். ஆபீஸிலிருந்து நாளுக்கு எத்தனை அழைப்பு வரும் என்பதை அவன் விவரித்த மொழியை இங்கே எழுத முடியாது.

ஜனவரி 29

12-ஆம் தேதி சொன்ன அளவுகோலைச் சிலர் எடுத்துக்கொண்டு வேறு இடங்களில் பேசுவதாகத் தெரிகிறது. அவசரப்பட வேண்டாம், அதில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கீழே இருப்பவர் மேலே வர வழி உண்டு என்பது கில்டின் ஏட்டில் இருந்தது. நடப்பில் பல ஊர்களில் அந்த வழியை மெல்ல அடைத்துவிட்டார்கள். கட்டணம் ஏறியது. மாஸ்டர்பீஸுக்கு விலையுயர்ந்த பொருளில், யாரும் வாங்காத பழம்பாணி வேலை கேட்டார்கள். மாஸ்டரின் மகனுக்குச் சலுகை. வெளியாள் உள்ளே வர எளிதான வழி, இறந்த மாஸ்டரின் விதவையைக் கல்யாணம் செய்வது. சுரங்கம் மாதிரி ஒரு வாசல் வைத்துவிட்டுக் கதவு இருக்கிறது பார் என்றார்கள். ஆயுள் முழுக்க ஜர்னிமேனாகவே இருந்து செத்தவர்கள் ஏராளம். அவர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்ததும் உண்டு.

ஜெர்மனியில் இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. அங்கே மைஸ்டர் பட்டம் இல்லாமல் சில தொழில்களில் சொந்தமாகக் கடை திறக்க முடியாது. 2004-இல் அப்படிப்பட்ட 94 தொழில்களை 41 ஆகக் குறைத்தார்கள். தரம் போச்சு, பயிற்சி கொடுக்க ஆளில்லை என்று கூச்சல். 2020-இல் 12 தொழில்களைத் திரும்பச் சேர்த்தார்கள். தரத்துக்காகவா, போட்டியைத் தடுக்கவா? இரண்டுக்கும்தான் என்பது என் எண்ணம். திறமைக்கு முத்திரை குத்தும் உரிமை கையில் வந்த நிமிடமே அது அதிகாரம்.

அப்படியானால் அளவுகோல் வேண்டாமா? வேண்டும், ஆனால் சொல்லுக்கு அல்ல, ஏற்பாட்டுக்கு. கதவு இருக்கிறதா என்று கேட்பதோடு, கடைசியாக அதன் வழியாக யார் வந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 1

மாஸ்டர் பெட்ரூம் பற்றி மூன்று பேர். அது தோட்டத்து வீடுகளிலிருந்து வந்த சொல் என்று நம்புகிறார்கள். பரவலானது 1920-களில், தபாலில் வீடு விற்ற சியர்ஸ் நிறுவனத்தின் 1926 விலைப்பட்டியல் காலத்தில். 2020-இல் ஹூஸ்டன் வீட்டுத் தரகர்கள் சங்கம் அதை 'பிரைமரி' என்று மாற்றியது. வீட்டு விலை மாறவில்லை.

பிப்ரவரி 4

ஒலிப்பதிவு. இதை விட்டுவிட்டால் கிட் சண்டை முழுமையாகாது. இங்கே மாஸ்டர் என்றால் எல்லாப் பிரதிகளும் எதிலிருந்து எடுக்கப்படுகின்றனவோ அந்த மூலம். மாணவர் வைத்துக்கொள்ளும் உரிமை என்று லைஸ்டர் கதையில் சொன்னேனே, இது அதற்குச் சொந்தக்காரச் சொல்: தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்க வல்லது. அடிமைச் சந்தை வாடை இதில் இல்லை என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

அப்போது அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் ஞாபகம் வந்தார். 1990-களின் நடுவில் தன் பதிவு நிறுவனத்துடன் சண்டை போட்டபோது கன்னத்தில் 'ஸ்லேவ்' என்று எழுதிக்கொண்டு மேடையேறியவர். உன் மாஸ்டர் உனக்குச் சொந்தமில்லை என்றால், உன் மாஸ்டருக்கு நீ சொந்தம் என்பது அவர் வாதம். நான் பிரித்து வைத்த இரண்டு சொற்களையும் ஒரே வரியில் முடிச்சுப் போட்டுவிட்டார், அதுவும் பிழையில்லாமல். டெய்லர் ஸ்விஃப்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் 2019-இல் அவர் விருப்பமில்லாமல் கைமாறின. அவர் 2021 முதல் அந்தப் பழைய ஆல்பங்களில் நான்கைத் திரும்பப் பாடி வெளியிட்டார். 2025 மே மாதம் மூலங்களையே விலைக்கு வாங்கினார். எல்லாப் பாடகராலும் முடிகிற காரியம் இல்லை.

பிப்ரவரி 9

"பல தொழில் தெரிந்தவன் எதிலும் மாஸ்டர் இல்லை" என்ற ஆங்கிலப் பழமொழிக்கு, "ஆனாலும் ஒரே தொழிலில் மாஸ்டரை விட மேல்" என்று ஒரு தொடர்ச்சி உண்டு, அதுவே அசல் என்று ஒரு படம் சுற்றுகிறது. அந்தத் தொடர்ச்சி அண்மைக்காலத்து ஒட்டு. பழமொழியின் முதல் பாதி பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம், அதற்கே 'எதிலும் மாஸ்டர் இல்லை' என்பது பிறகு சேர்ந்தது. ஒட்டுக்கு மேல் ஒட்டு. பலதும் தெரிந்தவர்கள்தான் இந்தப் படத்தை அதிகம் பகிர்கிறார்கள் என்பதைக் கவனித்தேன், நானும் ஒருகாலத்தில் பகிர்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 11

மாஸ்டர் கீ பற்றிக் கேட்டவருக்கு. ஒரு கட்டடத்தில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சாவி, எல்லாவற்றையும் திறக்கும் ஒரு மாஸ்டர் சாவி. தன் அறைச் சாவியை மட்டும் வைத்திருப்பவர், பூட்டைக் கழற்றாமலே, சில வெற்றுச் சாவிகளையும் ஒரு அரத்தையும் வைத்துக்கொண்டு மாஸ்டர் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம். தன் பூட்டில் ஒவ்வொரு வெட்டாக ஆழம் மாற்றிச் சோதித்தால் போதும். மேட் பிளேஸ் என்ற கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் 2003-இல் இதை வெளியிட்டார். கடவுச்சொல்லை உடைக்கும் கணக்கைத்தான் பூட்டுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

பூட்டுத் தொழிலாளர்கள் கொதித்துப்போனார்கள். கண்டுபிடிப்பு தவறு என்பதற்காக இல்லை, இது எங்களுக்குப் பல காலமாகத் தெரியும், வெளியே சொல்லலாமா என்பதற்காக. ஜனவரி பத்தாம் தேதி பின்னிரவில் எழுதிய அந்த 'மிஸ்டரி' இதுதான் போலிருக்கிறது. என் அலுவலகத்திலும் அதே வகைப் பூட்டு. வசதிகளைக் கவனிப்பவரிடம் சொன்னேன், அவருக்கும் தெரிந்திருந்தது. மாற்ற எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்த்து ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கிறாராம், பதில் வரவில்லையாம்.